'பூட் மெனு'வுக்கு ஒரு சொல்லா, இரண்டு சொற்களா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரே கணினியில் விண்டோஸையும் லினக்ஸையும் வைத்திருப்போருக்கான சிக்கல்தீர்வுக் குறிப்புகளில், கணினி எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் 'பூட் மெனு'வைத் தமிழில் 'தொடக்கப் பட்டி' என்று எழுதலாம் என்ற முன்மொழிவை ஏற்க எனக்குத் தயக்கம் இருக்கிறது. விண்டோஸின் 'ஸ்டார்ட் மெனு'வுக்கும் இயல்பாக வரக்கூடிய சொல் அதுவே என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், 'பூட் மெனு' என்ற பெயரில் இரண்டு வெவ்வேறு பட்டிகள் வழங்குகின்றன என்பதாகும்.

கணினியை இயக்கியதும் முதலில் விழிப்பது நிலைபொருள் (ஃபர்ம்வேர்), அதாவது தாய்ப்பலகையிலேயே பதிந்துள்ள அடிப்படை மென்பொருள். பழைய கணினிகளில் அது பயாஸ், இன்றையவற்றில் யூ.இ.எஃப்.ஐ. எஃப்12 போன்ற ஒரு விசையை அழுத்தும்போது தோன்றும் பட்டி அதற்குரியது. நிலைபொருள் தன் வேலையை முடித்து வட்டிலுள்ள கிரப் என்ற, இயங்குதளத்தை ஏற்றும் மென்பொருளிடம் பொறுப்பை ஒப்படைத்த பிறகு, கிரப் தனக்கென வேறொரு பட்டியைக் காட்டுகிறது. 'பூட் மெனு வரவில்லை' என்று ஒருவர் எழுதும்போது இவற்றுள் எதைச் சொல்கிறார் என்று தெரியாவிட்டால், நாம் சொல்லும் தீர்வு அவரைத் தவறான இடத்தில் கைவைக்கச் செய்துவிடும்.

நிலைபொருளின் பட்டியில் லினக்ஸ் வகைகளுள் ஒன்றான உபுண்டுவின் பெயர் இருந்தும் கணினி நேராக விண்டோஸுக்குள் நுழைகிறது என்றால், பெரும்பாலும் கிரப் பழுதாகியிருக்காது. நிலைபொருள் நினைவில் வைத்திருக்கும் வரிசையில் விண்டோஸ் முதலிடத்துக்கு வந்திருக்கும். விண்டோஸை நிறுவியபின்னோ பெரிய புதுப்பிப்பு ஒன்றுக்குப் பின்னோ இது நேர்வதுண்டு. வரிசையை மாற்றினாலே போதும் என்னும்போது, கிரப்பை மீண்டும் நிறுவச் சொல்வது வீண் வேலை. மாறாக, கிரப்பின் பட்டி ஒழுங்காக வந்து அதில் விண்டோஸ் மட்டும் காணாமற்போனால் நிலைபொருளில் தேடிப் பயனில்லை. 2021இல் வெளிவந்த கிரப் 2.06 முதல், பிற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் என்ற துணைநிரல் இயல்பாக முடக்கப்பட்டிருக்கிறது. கிரப்பின் அமைவுக் கோப்பில் அந்த முடக்கத்தை நீக்கி, உபுண்டு போன்றவற்றில் அப்டேட்-கிரப் கட்டளையை இயக்கினால் பொதுவாக விண்டோஸ் பட்டிக்குத் திரும்பிவிடும்.

ஆகவே இரண்டு சொற்கள் தேவை. 'சாதனத் தெரிவுப் பட்டி', 'இயங்குதளத் தெரிவுப் பட்டி' என்று பிரிக்கலாம் என்பாரின் கருத்து பயாஸ் காலத்துக்குப் பொருந்தும். அப்போது முதற்பட்டியில் வன்தட்டு, குறுவட்டு, யூஎஸ்பி முதலிய சாதனங்களே இருந்தன. யூ.இ.எஃப்.ஐ. பட்டியிலோ இயங்குதளங்களின் பதிவுகளும் இடம்பெறுகின்றன. கிரப்பின் பட்டியிலும் நிலைபொருள் அமைப்புக்குச் செல்லும் வழி ஒரு வரியாக வருவதுண்டு. உள்ளடக்கத்தை வைத்துப் பெயரிட்டால் அப்பெயர் விரைவில் பொய்த்துவிடும். எனவே பட்டியைக் காட்டுவது எதுவோ அதன் பெயரால் 'நிலைபொருள் பட்டி', 'ஏற்றிப் பட்டி' என்று வழங்கலாம் என்பது என் முன்மொழிவு.

'ஏற்றி'க்குப் பதிலாகத் 'துவக்கி' என்று வைத்தால், நிலைபொருளும் ஒரு துவக்கிதானே என்ற கேள்வி எழும். கிரப்பின் தனிப்பணி, லினக்ஸ் கர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியை, நினைவகத்தில் ஏற்றி அதனிடம் கட்டுப்பாட்டைக் கொடுப்பதாகும். விண்டோஸ் கர்னலைக் கிரப் நேரடியாக ஏற்றுவதில்லை என்பது உண்மை. ஆனால் விண்டோஸின் சொந்த ஏற்றியை நினைவகத்தில் ஏற்றிவிட்டே அது ஒதுங்கிக்கொள்கிறது. 'செயின்லோடிங்' எனப்படும் அந்தச் செயலைச் 'சங்கிலி ஏற்றம்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதைவிடக் 'கையளிப்பு ஏற்றம்' என்பது நடப்பதைத் தெளிவாகக் காட்டும்.

இன்னொன்றையும் இப்போதே தீர்த்துக்கொள்வது நல்லது. கிரப் தன் கோப்புகள் உள்ள வட்டுப்பிரிவைக் கண்டுபிடிக்க முடியாதபோது, பட்டிக்குப் பதிலாக 'கிரப் ரெஸ்க்யூ' என்ற வரியைக் காட்டி நிற்கும். பிரிவை அழித்தபின் இது அடிக்கடி நேரும். பட்டியிலிருந்து தேர்ந்தெடுக்கும் 'ரெக்கவரி மோட்' முற்றிலும் வேறானது. அங்கே கர்னல் ஏறிவிட்டது. இரண்டையும் 'மீட்பு' என்றே எழுதிவருகிறோம். முன்னதை 'மீட்பு வரி' என்றும் பின்னதைச் 'சீரமைப்பு நிலை' என்றும் பிரிக்கலாம். எனினும் பயனர் திரையில் காணும் சொல்லைத் தமிழெழுத்தில் ஒருமுறையாவது உடன் தருவதையே விரும்புகிறேன்; பழுதடைந்த கணினியின் முன் அமர்ந்திருப்பவர் முதலில் தேடுவது அந்தச் சொல்லைத்தான்.