பாசியில் கோத்த எலும்புக்கூட்டுப் பதக்கம் தொய்கிறது, திரும்பிக்கொள்கிறது, கை அறுந்தும் விட்டது: உதவி தேவை

கேட்பவர்: நகரி, தறி வீடு

அனைவருக்கும் வணக்கம். நகரியில் விசைத்தறி ஓட்டும் வீட்டைச் சேர்ந்தவள் நான். தறி ஓயும் பிற்பகல்களில் பாசி கோப்பது சில ஆண்டுகளாகப் பழக்கம். திருப்பதியில் பிசியோதெரபி படிக்கும் என் அக்காள் மகள், கல்லூரி விழாவுக்கு எலும்புக்கூட்டுப் பதக்கம் வைத்த மாலை ஒன்று வேண்டும் என்று கேட்டாள். பூவும் மாங்காயும் கோத்த கைக்கு எலும்பு புதிது என்றாலும், சவுகார்பேட்டையில் வாங்கி வைத்திருந்த வெள்ளைப் பாசி நிறைய இருந்ததால் ஒப்புக்கொண்டேன்.

மண்டையோட்டை 11/0 என்ற சிறிய அளவுப் பாசியில், செங்கல் அடுக்குவது போல ஒன்றுவிட்டு ஒன்று வரும் பின்னலில் தட்டையாகச் செய்தேன். கண்குழிக்கும் மூக்குக்கும் கருப்புப் பாசி. முதுகெலும்புக்கு அதைவிடச் சற்றுப் பெரிய 8/0 அளவில் 14 பாசிகள், அதிலிருந்து இருபுறமும் ஆறு ஜோடி விலா எலும்புகள், எல்லாமே முன்னால் நெஞ்செலும்பில் வந்து சேர்கின்றன. கைக்கு 9 மில்லிமீட்டர், காலுக்கு 12 மில்லிமீட்டர் கண்ணாடிக் குழல் பாசிகள். மொத்த உயரம் சுமார் 8 சென்டிமீட்டர். நூல் 0.25 மில்லிமீட்டர் தங்கூசி (நைலான் இழை).

செய்து முடித்த அன்று அழகாகத்தான் இருந்தது. ஆணியில் மாட்டி வைத்த மூன்றாம் நாள், கழுத்துக்கும் இடுப்புக்கும் இடையே பாசிகள் விலகி நூல் தெரிந்தது. அணிந்து பார்த்தால் பத்து அடி நடப்பதற்குள் பதக்கம் திரும்பி முதுகைக் காட்டுகிறது. நேற்று இடது முழங்கைக்குக் கீழே அறுந்து, குழல் பாசி சோற்றுப் பானைக்கு அருகே கிடந்தது. "வீட்டுக்குள் எலும்பைக் கோத்தால் இப்படித்தான்" என்று மாமியார் சொல்லிவிட்டார். இதில் என் தவறு எது, பொருளின் தவறு எது என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

பதில்: திருத்தணி

அக்கா, நூல் மெல்லியதாக இருப்பதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. 0.40 தங்கூசி வாங்கி மீண்டும் கோத்துப் பாருங்கள், அறுந்துபோகாது.

கேட்பவர்

தம்பி சொன்னபடி 0.40 வாங்கி, மண்டையோட்டை மட்டும் மறுபடி தொடங்கினேன். இரண்டு முறை நூல் போன பாசியில் மூன்றாம் முறை இழுத்தபோது பாசி இரண்டாக உடைந்து விரலில் குத்தியது. ஒரே சாயங்காலத்தில் மூன்று பாசிகள் இப்படி உடைந்தன.

பதில்: ஏகாம்பரகுப்பம், பாசி வகுப்பு எடுப்பவர்

சகோதரி, பாசி உடைந்ததில் உங்கள் கைக் குற்றம் இல்லை. கணக்கு இடம் கொடுக்கவில்லை. 11/0 பாசியின் துளை ஏறக்குறைய 0.8 மில்லிமீட்டர்தான். 0.40 நூல் இரண்டு போனாலே அந்தத் துளையின் குறுக்களவு அடைபட்டுவிடுகிறது; பக்கத்தில் மிஞ்சும் இடம் மூன்றாவது இழைக்குப் போதாது, நாம் இழுக்க இழுக்கக் கண்ணாடிதான் விட்டுக்கொடுக்கும். செங்கல் பின்னலில் ஓரப் பாசிகளுக்குள் நூல் மூன்று நான்கு முறை போய்வர வேண்டியிருக்கும் என்பதால், இந்த வேலைக்குத் தேவையானது தடித்த நூல் அல்ல, மெல்லியதாக இருந்தும் நீளாத நூல்.

தங்கூசி என்பது ஒற்றை நைலான் இழை. அது பாரத்தில் மெல்ல நீளும், ஈரத்திலும் நெகிழும். நீங்கள் இறுக்கிக் கோத்த அன்று எல்லாம் சரியாக இருந்து, மூன்றாம் நாள் இடைவெளி தெரிந்ததன் காரணம் இதுதான். தூண்டில் சாமான் விற்கும் கடைகளில் பல மெல்லிய இழைகளைச் சேர்த்துச் செய்த பின்னல் தூண்டில் நூல் கிடைக்கும். பாசி வேலை செய்பவர்கள் விரும்பும் ஃபயர்லைன் அந்த இனத்தைச் சேர்ந்தது, அதில் 6 பவுண்டு என்று எழுதியிருப்பது சுமார் 0.15 மில்லிமீட்டர் தடிமன்தான் வரும். தறி வீட்டில் இருப்பவருக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஒற்றை இழையைவிடச் சேர்ந்த இழை பாரத்தை எப்படித் தாங்கும் என்று.

கை அறுந்தது வேறு கதை. குழல் பாசி என்பது நீளமான கண்ணாடிக் குழாயைத் துண்டு துண்டாக வெட்டியது. சிறு பாசிகளைப் போல முனை உருண்டு இருக்காது, பல துண்டுகளில் வெட்டிய விளிம்பு கத்தி போலவே நிற்கும். கை ஆட ஆட அந்த விளிம்பு நூலை அறுத்திருக்கும். கீழே விழுந்த குழலின் முனையை நகத்தின் மேல் மெல்ல இழுத்துப் பாருங்கள். நகத்தில் வெள்ளைக் கீறல் விழுந்தால் அதுதான் குற்றவாளி. ஒவ்வொரு குழலுக்கும் இரண்டு முனையிலும் ஒரு 11/0 பாசி வைத்துக் கோத்தால் நூல் மடங்குவது உருண்டையான பாசியின் மேல் விழும், வெட்டு விளிம்பில் விழாது. பார்ப்பதற்கும் அது மூட்டு போலவே அமைந்துவிடும். மிகக் கூரான குழல்களை நயமான உப்புத்தாளில் இரண்டு தேய்ப்பு தேய்க்கலாம், முனை சிதைந்தவற்றை ஒதுக்கிவிடுவதே நல்லது.

முடிச்சுக்கு நொடியில் ஒட்டும் பசை வைத்திருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். காய்ந்ததும் நூலை அந்த இடத்தில் முறுகச் செய்கிறது, கருப்புப் பாசியின் மேல் வெள்ளைப் பூஞ்சை போலப் படியவும் செய்கிறது.

பதில்: புத்தூர், ஓய்வு பெற்ற உயிரியல் ஆசிரியர்

அம்மா, நூலைப் பற்றி மேலே சொன்னது முழுக்கச் சரி. ஆனாலும் நூல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் முதுகெலும்பை நூலில் மட்டும் நிறுத்த முயன்றால் அது மாலையாகத்தான் இருக்கும், எலும்பாக இராது. எங்கள் ஊரின் எலும்புக் கட்டுக்கு உங்கள் பக்கத்திலிருந்தும் தினமும் ஆட்கள் வருகிறார்கள், பார்த்திருப்பீர்கள். துணியை எவ்வளவு இறுக்கினாலும் உடைந்த கை நேராக நிற்பதில்லை. உள்ளே வைக்கும் மூங்கில் சப்பைதான் அதை நிறுத்துகிறது. உங்கள் எலும்புக்கூட்டுக்கும் ஒரு சப்பை வேண்டும்.

24 கேஜ் பித்தளைக் கம்பி 0.5 மில்லிமீட்டர் தடிமன். 8/0 பாசியின் துளை சுமார் 1 மில்லிமீட்டர். 0.15 நூல் நான்கு முறை போனாலும் கம்பி பக்கத்தில் ஒண்டிக்கொள்ள இடம் இருக்கும். உங்கள் பழைய தங்கூசி நான்கு போயிருந்தால் இடம் இராது, ஆகவே பிரித்துத்தான் ஆக வேண்டும், வேறு வழி சொல்ல முடியவில்லை. விலா எலும்புகளை எல்லாம் தைத்து முடித்த பிறகு கடைசியாகக் கம்பியைச் செருகுங்கள். முதலிலேயே செருகினால் ஊசி நுழையாது. செருகும் முன் கம்பியைத் துணியில் பிடித்து நான்கைந்து முறை உருவினால் நேராகும், சற்று விறைப்பும் ஏறும்.

நீங்கள் இணைத்திருந்த படத்தைப் பார்த்து இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. பிசியோதெரபி படிக்கும் பெண் அணியப் போகிறாள் என்பதால் இதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நம் உடலில் விலா 12 ஜோடி. மேல் ஏழும் நேராக நெஞ்செலும்பில் சேர்கின்றன, அடுத்த மூன்றும் மேலே உள்ளதன் குருத்தெலும்போடு இணைகின்றன, கடைசி இரண்டும் முன்னால் எதையும் தொடாமல் நிற்கின்றன. உங்கள் பதக்கத்தில் 12 வேண்டாம், ஆறு போதும். ஆனால் ஆறாவது ஜோடியைக் குட்டையாக, முன்பக்கம் திறந்தபடி விடுங்கள். மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் நீங்கள் வைத்திருப்பதால் மீன் முள்ளைப் போலத் தெரிகிறது. உண்மையான கூடு மேலே குறுகி, கீழே போகப் போக விரியும்.

பதில்: திருவாலங்காடு அருகிலிருந்து

மாமியார் சொன்னதற்காக மட்டும் எழுதுகிறேன். எங்கள் கோயிலில் காரைக்கால் அம்மையாரைப் பார்க்காதவர்கள் இந்தப் பக்கம் குறைவு. பேயுருவை விரும்பிக் கேட்டுப் பெற்றவர் அவர். நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கும் 13ஆம் நூற்றாண்டு வெண்கலத்தின் படத்தைப் பார்த்தால், வற்றிய அந்த உடம்பை எவ்வளவு மரியாதையோடு வார்த்திருக்கிறார்கள் என்பது தெரியும். உங்கள் வேலைக்கும் அதில் ஒன்று உண்டு: எலும்பு உருவங்களில் தோளைக் காட்டுவது கழுத்தெலும்புதான். உங்கள் பதக்கத்தில் அது இல்லவே இல்லை. விலாவுக்கு மேலே குறுக்காக ஒரு வரிசை பாசி வைத்தால் தோள் வந்துவிடும், கைகளையும் அதிலிருந்து தொங்கவிடலாம்.

அது திரும்பிக்கொள்வதற்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். சங்கிலிக்கும் மண்டையோட்டுக்கும் இடையே எத்தனை வளையங்கள் போட்டிருக்கிறீர்கள்?

கேட்பவர்

மண்டை உச்சியில் நூலால் ஒரு கண்ணி, அதில் இரண்டு வளையங்கள், அதற்குள் சங்கிலி போகிறது.

பதில்: ஏகாம்பரகுப்பம், பாசி வகுப்பு எடுப்பவர்

அப்படியானால் இரண்டு குறைகள் சேர்ந்துவிட்டன. ஒரு வளையத்தில் மாட்டிய அடுத்த வளையம் எப்போதும் கால்வட்டம் திரும்பித்தான் தொங்கும். பதக்கத்தை மாட்டும் கண், அதாவது உச்சியில் உள்ள துளை, நம்மைப் பார்த்திருந்தால், ஒரு வளையம் போட்டால் சங்கிலி இடவலமாகப் போகும், பதக்கம் முன்னே பார்க்கும்; இரண்டு போட்டால் பக்கவாட்டில் திரும்பும், மூன்று போட்டால் மறுபடி சரியாகும். இது உலோகக் கண்ணுக்கு உள்ள விதி. நூல் கண்ணிக்கோ எந்தத் திசையும் கிடையாது, அது முறுக்கும் பக்கமெல்லாம் திரும்பும்.

8 சென்டிமீட்டர் நீளமும் ஆடும் கைகால்களும் இருப்பதால் ஒரே இடத்தில் மாட்டுவதையே கைவிட்டுவிடுங்கள். 20 கேஜ் கம்பியில், மண்டையோட்டின் அகலத்துக்குச் சற்று அதிகமாக ஒரு துண்டு வெட்டி, இரு முனையிலும் சிறு கண் வளைத்து, மண்டையின் பின்புறம் குறுக்காக வைத்துத் தையுங்கள். ஆசிரியர் ஐயா சொன்ன முதுகுக் கம்பியை மண்டைக்குப் பின்னால் மேலே கொண்டுவந்து இந்தக் குறுக்குக் கம்பியில் இரண்டு சுற்று சுற்றிவிடுங்கள். செங்கல் பின்னலில் வரிசைக்கு வரிசை துளை மாறி நிற்பதால் மண்டைக்கு உள்ளே கம்பி போகாது, அதற்காக முயன்று பாசியை உடைத்துக்கொள்ள வேண்டாம். பிறகு சங்கிலியை இரண்டாக வெட்டி, ஒவ்வொரு கண்ணிலும் ஒரு பாதியை மாட்டினால் பதக்கம் சுழல வழியே இல்லை.

கேட்பவர்

பதில் எழுத பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். நடுவில் தறிக்கு ஆர்டர் வந்துவிட்டது.

முழுவதையும் பிரித்துப் பின்னல் நூலில் மீண்டும் கோத்தேன். எட்டுக் குழல்களையும் நகத்தில் இழுத்துப் பார்த்ததில் மூன்று கீறின. விழுந்த குழலும் அவற்றில் ஒன்று. முதுகுக் கம்பி பதினோராவது பாசி வரை வெண்ணெயாக நுழைந்து, பன்னிரண்டாவதில் நின்றுவிட்டது. அங்கே நான் ஒரு முடிச்சை உள்ளே இழுத்து மறைத்து வைத்திருந்தேன். அந்த ஜோடி விலாவை மட்டும் அவிழ்த்து, முடிச்சை நெஞ்செலும்பின் பின்பக்கம் மாற்றிய பிறகு கம்பி முழுதாக இறங்கியது. குறுக்குக் கம்பி வைத்து இரண்டு பக்கமும் மாட்டியதில், மாடிப்படி ஏறி இறங்கியும் பதக்கம் திரும்பவில்லை. ஒரு வாரமாக ஆணியில் தொங்குகிறது, இடைவெளி தெரியவில்லை.

அம்மையார் பற்றி எழுதியதை மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். பதில் ஏதும் சொல்லவில்லை. கழுத்தெலும்பு வரிசைக்குப் பாசி எடுத்துக் கொடுத்தது அவர்தான்.

ஒவ்வொரு விலாவுக்கும் எத்தனை பாசி என்று தனியே கேட்டிருந்த திருத்தணித் தம்பிக்கு: ஒரு பக்கத்துக்கு மேலிருந்து கீழாக 7, 9, 10, 11, 11, கடைசியில் திறந்து நிற்கும் விலாவுக்கு 5. இந்த ஐந்தில் நுனிப் பாசியை மட்டும் விட்டுவிட்டு, மற்ற நான்கின் வழியே ஊசியைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.