வழிகாட்டியோடு ஒரு பகல்: கோடியக்கரை, காரங்காடு, மன்னார் அனுபவங்கள்

தஞ்சாவூரிலிருந்து

கோடியக்கரைக்கு இதற்கு முன் மூன்று முறை போயிருக்கிறேன். மூன்றும் அமாவாசைக்குக் கடலாடப் போன குடும்பப் பயணங்கள். ஆதிசேதுவில் முழுகி, ஈரத்துணியோடு வண்டியேறி, மதியச் சாப்பாட்டுக்கு வேதாரண்யம் திரும்பியதோடு சரி. சாலையோரம் நிற்கும் அந்தக் காட்டில் என்ன இருக்கிறது என்று ஒருமுறைகூட இறங்கிப் பார்த்ததில்லை. கடந்த ஜனவரியில்தான் நண்பர்கள் நால்வர், உள்ளூர் வழிகாட்டி ஒருவரை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு, வனத்துறையின் அனுமதியுடன் விடியலிலிருந்து அந்தி வரை ஒரு முழுப் பகலை அங்கே கழித்தோம். அன்று பார்த்த உயிரினங்களின் பட்டியலை எழுதுவதைவிட, பார்ப்பதற்கு அவர் எங்களைப் பழக்கிய விதத்தை எழுதுவதே பயனுள்ளதாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

வேதாரண்யத்திலிருந்து இருட்டிலேயே புறப்பட்டோம். 1930 ஏப்ரலில் ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்தவர்கள் உப்பு அள்ளிய அகத்தியம்பள்ளியைக் கடக்கும்போது நினைவுத்தூண் நிற்கும் திசையை மட்டும் வழிகாட்டி கையால் காட்டினார். உப்பளங்களைத் தாண்டிக் கோடியக்காட்டுக்குள் நுழைந்தபோது கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தது. வடக்கேயிருந்து ஒரே நேராக இறங்கிவரும் சோழமண்டலக் கடற்கரை இந்த முனையில்தான் சட்டென்று மேற்கே திரும்புகிறது. ஒரு பக்கம் வங்கக்கடல், மறுபக்கம் பாக் நீரிணை. வரைபடத்தில் பலமுறை பார்த்த அந்த மூலையில் நின்றபோது, இரண்டு பக்கக் காற்றுக்கும் வெவ்வேறு வாடை இருப்பதாக எனக்குத் தோன்றியது. நண்பர் அதைக் கற்பனை என்றார், இருக்கலாம்.

முதலில் வெளிமான்களைப் பார்ப்பதாகத் திட்டம். 1967இல் இந்த இடத்தைச் சரணாலயமாக அறிவித்ததற்கே வெளிமான்தான் முதற்காரணம் என்பதால், வண்டியை விட்டு இறங்கியவுடன் மந்தை மந்தையாகக் கண்ணில் படும் என்று எதிர்பார்த்திருந்தோம். வழிகாட்டியோ புல்வெளியின் ஓரத்தில் குந்தியிருந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அருகே போனால், ஒரு முறம் அகலத்துக்குப் புழுக்கைகள் குவிந்து கிடந்தன. அடியில் கிடந்தவை வெளுத்து உதிரும் நிலையில் இருந்தன. மேலே கிடந்தவை கறுத்துப் பளபளத்தன. ஆண் வெளிமான் தன் எல்லையைப் பிற ஆண்களுக்கு உணர்த்துவதற்காகத் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் புழுக்கையிடும் என்றும், மேற்புறம் ஈரம் இருந்தால் எல்லைக்குரியவன் பக்கத்தில்தான் இருப்பான் என்றும் சொல்லி, இரண்டை எடுத்து விரலால் நசுக்கிக் காட்டினார். எங்களில் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதற்கும் மேலாக என்னைக் கவர்ந்தது பத்தடி தள்ளியிருந்த ஒரு முள்செடி. இடுப்பளவு உயரத்தில் நீட்டியிருந்த குச்சி ஒன்றின் நுனியில், கடுகளவு கறுப்புப் பிசின் ஒட்டிக்கொண்டிருந்தது. செடியிலிருந்து கசிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆணின் கண்ணுக்குக் கீழே உள்ள சுரப்பியிலிருந்து வரும் பசை அது. முகத்தைச் சாய்த்து, கண்ணை ஒட்டிய அந்தப் பிளவுக்குள் குச்சியின் நுனி நுழையும்படி மெல்லத் தேய்த்து விட்டுச் செல்கிறதாம். கண்ணுக்கு அவ்வளவு அருகில் முள்செடியின் குச்சியை விட்டுக்கொள்ளும் அந்த நிதானத்தை நினைத்து நான் நின்றுவிட்டேன். "தொடாதீங்க தம்பி, அது அவனோட கையெழுத்து" என்று அவர் சொன்னார்.

ஏறத்தாழ முக்கால் மணி நேரம் கழித்து அவன் வந்தான். முதுகு கரிய நிறம், வயிறும் கண் வளையமும் பால் வெள்ளை, முறுக்கேறிய இரு கொம்புகள். பின்னால் ஐந்தாறு பெண் மான்கள், கொம்பில்லாமல், மங்கிய பழுப்பு நிறத்தில். பழந்தமிழில் இரலை என்று சொன்னது இதைத்தான் என்று அறிந்திருந்தும், அதே குவியலுக்கு வந்து நின்று மோந்து பார்த்ததைக் கண்ட பிறகுதான் அந்த விலங்கு எனக்கு ஒரு பெயரிலிருந்து பிரிந்து தனியாக நின்றது. நூறு மீட்டருக்கு அப்பால்தான் இருந்தோம். நண்பர் இன்னும் கொஞ்சம் நெருங்கலாமா என்று கேட்டதற்கு, "இதுக்கு மேல நான் வரமாட்டேன், நீங்களும் போக வேணாம்" என்று வழிகாட்டி மறுத்துவிட்டார். அப்போது எனக்கும் சற்று மனத்தாங்கலாகத்தான் இருந்தது. ஆனால் நாங்கள் அசையாமல் இருந்த அந்த அரை மணியில் மான்கள் எங்களை மறந்து மேய்ந்தன.

வீட்டுக் குதிரைகளின் வழிவந்த மட்டக் குதிரைகள் சில, அதே புல்லை மேய்ந்தபடி குறுக்கே கடந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தன. வழிகாட்டிக்கு அவற்றின்மீது பெரிய அன்பு இல்லை; மானுக்குரிய புல்லை அவை தின்கின்றன என்பது அவருடைய வழக்கு. சீமைக் கருவேலத்தின்மீதோ அவருக்குப் பகையே இருந்தது. வெட்டவெளியை விரும்பும் வெளிமானுக்கு, வெளியை அடைத்துக்கொண்டு வளரும் அந்த மரத்தைவிடப் பெரிய கேடு இல்லை என்பதால் அந்தப் பகை எனக்கு நியாயமாகவே பட்டது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையேறிய கஜா புயலில் சாய்ந்த மரங்களின் அடிக்கட்டைகளையும் வழியில் காட்டினார். அந்த இரவைப் பற்றிக் கேட்டோம். அவர் அதிகம் பேசவில்லை.

பிற்பகலில் சதுப்பு நிலத்துக்குப் போனோம். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2002இல் சேர்க்கப்பட்ட இடம் இது. உப்பங்கழியில் பூநாரைகள் நின்றிருந்தன. தொலைநோக்கியில் பத்துப் பத்தாக எண்ணத் தொடங்கி, நானூறைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். இங்கேயும் அவர் முதலில் காட்டியது பறவையை அல்ல. நீர் வடிந்த சேற்றில், வண்டிச் சக்கரத்தைவிடச் சிறிய வட்டங்கள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் நிறைய இருந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு மேடு, சுற்றிலும் ஆழமில்லாத பள்ளம். பூநாரை தலையைக் கவிழ்த்து அலகைச் சேற்றில் வைத்தபடி, காலால் மிதித்து மிதித்துத் தன்னையே சுற்றி வருவதால் உண்டாகும் தடம் அது. கலங்கிய நீரை நாக்கால் உறிஞ்சித் தள்ளி, அலகின் ஓரத்துச் சல்லடையில் சிறு உயிர்களை மட்டும் நிறுத்திக்கொள்கிறது. அந்த இரையில் உள்ள நிறமியால்தான் சிறகு சிவக்கிறது என்பதை அறிந்த பிறகு, கூட்டத்தின் நடுவே சாம்பல் நிறத்தில் நின்றவை வேறு இனமல்ல, இன்னும் போதிய அளவு உண்டு வளராத இளம் பறவைகள் என்பதும் விளங்கியது. நான் கேட்காமல் இருந்திருந்தால் அவற்றை வேறு ஏதோ நாரை என்றே குறித்து வைத்திருப்பேன்.

கரையோரம் ஓடித்திரிந்த கொசு உள்ளான்களை நாங்கள் பொருட்படுத்தவே இல்லை. இளம் வயதில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் அங்கே பறவைகளுக்கு வளையமிட்டபோது கூடமாட உதவியவர் என்பதால், வழிகாட்டிக்கு அந்தச் சின்னஞ்சிறு பறவையின்மீதுதான் கண். கையில் எடுத்தால் எடையே தெரியாது, முப்பது கிராம்கூட இருக்காது, வடதுருவத்தை ஒட்டிய சைபீரியாவிலிருந்து வருகிறது என்று சொல்லி உள்ளங்கையைக் குவித்துக் காட்டினார். அந்தக் குவிந்த கையின் அளவு இன்றும் நினைவில் இருக்கிறது.

குறை ஒன்றையும் சொல்ல வேண்டும், அது எங்களுடையது. காய்ந்த தரை என்று நம்பி, அவர் வேண்டாம் என்று சொல்லியும் எங்கள் ஓட்டுநர் வண்டியைச் சதுப்பின் ஓரம் இறக்கினார். மேலே வெடித்துக் காய்ந்திருந்த ஓட்டுக்கு அடியில் கறுப்புக் களி. முன்சக்கரம் பாதி புதைந்து, பலகை வைத்துத் தள்ளி மேலேற்ற ஒன்றரை மணி நேரம் ஆனது. அதனால் ராமர் பாதம் இருக்கும் மேட்டுக்கு வெயில் இறங்கிய பிறகுதான் போய்ச் சேர்ந்தோம். கண்ணுக்கெட்டிய தூரம்வரை சமதரையாக உள்ள அந்தப் பகுதியில், சில மீட்டர் உயரமே உள்ள அந்த மணல்மேடுதான் குன்று.

மதுரையிலிருந்து

மேலே எழுதியவரின் கறுப்புப் பிசினைப் படித்ததும், காரங்காட்டில் என் மகள் நக்கிப் பார்த்த இலை நினைவுக்கு வந்தது. இராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டிக்குத் தெற்கே உள்ள அந்தக் கடற்கரைச் சிற்றூரில், ஊர்க்காரர்களைக் கொண்டே வனத்துறை படகுப் பயணம் நடத்துகிறது. எங்களுக்கு வழிகாட்டியவர் மீனவர். கழியின் இருபுறமும் அலையாத்தி மரங்கள் அடர்ந்து நின்றன. சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேலே நீண்டிருந்த மூச்சு வேர்களைப் பற்றிப் பள்ளியிலேயே படித்திருந்ததால் மகள் அவற்றைப் பார்த்துத் தலையாட்டியதோடு சரி. படகை மரத்தோடு ஒட்டி நிறுத்தி, ஓர் இலையைத் திருப்பி, "நாக்கால தொட்டுப் பாரு பாப்பா" என்று அவர் கொடுத்தார். இலைப்பரப்பில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் உப்புப் பரல்கள். வேரின் வழியே தப்பி ஏறிய உப்பை இலையிலுள்ள சுரப்பிகள் வெளியே தள்ளிவிடுகின்றன. அவள் முகம் சுளித்த பிறகு நாங்களும் ஆளுக்கு ஓர் இலையை நக்கிப் பார்த்தோம். அப்பளத்தைப்போல் சுள்ளென்று கரித்தது.

கழி கடலில் சேரும் இடத்தில் இயந்திரத்தை நிறுத்தினார். அவளுக்கு அன்று பார்க்க வேண்டியிருந்தது கடற்பசுவை. மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் அது வருமா என்று கேட்டதற்கு, "முப்பது வருசமா கடலுக்குப் போறேன்மா, நானே நாலு தடவைதான் பாத்திருக்கேன்" என்று நேராகச் சொல்லிவிட்டார். பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைகளை ஒட்டி 448 சதுர கிலோமீட்டரை 2022இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்ததற்குக் காரணம், அந்த விலங்கு உண்ணும் கடற்புல் அங்கே பரந்து கிடப்பதுதான். மீனவர்கள் அதைத் தாழை என்கிறார்கள். பதின்மூன்று மாதங்களுக்கு மேல் சுமந்து ஒரே ஒரு கன்றை ஈன்று, அடுத்த கன்றுக்குச் சில ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் விலங்கு எளிதில் பெருகாது. ஒன்று வலையில் சிக்கி மூச்சுத் திணறினால் அது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை, முன்பு தானும் வலையில் கண்டவர் என்ற முறையில் அவர் சொன்னார்.

மிதந்து வந்த புல்லை இரண்டு முறை அள்ளினார். ஒன்று இலை மட்டும், நுனி நறுக்கியதுபோல் இருந்தது. மற்றொன்று வேரும் கிழங்குமாக முழுச் செடி. ஆமை இலையைத்தான் கடிக்கும், ஆவுளியா மண்ணைக் கிளறி வேரோடு பிடுங்கும் என்று விளக்கிவிட்டு, என் மகளின் கண் விரிவதைக் கண்டதும், நங்கூரம் இழுத்தாலும் வேரோடு வரும் என்று உடனே சேர்த்துக்கொண்டார். பயணியை மகிழ்விப்பதற்காகவாவது அந்தக் கடைசி வாக்கியத்தை விழுங்கியிருக்கலாம், அவர் விழுங்கவில்லை. வேரோடு வந்த செடியை மகள் தண்ணீர்ப் புட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். அதை வாங்கி மீண்டும் கடலிலேயே விட்டார்.

யாழ்ப்பாணத்திலிருந்து

எல்லா வழிகாட்டிகளும் அப்படி அமைவதில்லை என்பதற்காக இதை எழுதுகிறேன். பெப்ரவரி மாதத்தில் மன்னாருக்கு ஒருநாள் சுற்றுலாவாகச் சென்றிருந்தோம். பள்ளிமுனையில் உள்ள பெருக்கமரம், கோட்டை, தலைமன்னார், வங்காலைச் சரணாலயம் என்று நிகழ்ச்சிநிரல் நிறைந்திருந்தது. வங்காலையும் ராம்சார் ஈரநிலமே. பெருநிலத்திலிருந்து தீவுக்குச் செல்லும் தாம்போதியின் அருகே, ஆழமற்ற நீரில் பூநாரைகள் கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்ததைக் கண்டு எங்கள் வான் வண்டியை நிறுத்தினார்கள். எல்லோருடைய கமராக்களும் தயாரானதும், எங்கள் வழிகாட்டி கரையில் இறங்கி இரண்டு கைகளையும் தட்டிக் கத்தினார். அவை அசையாததால் ஒரு கல்லையும் எறிந்தார்.

பூநாரை நின்ற இடத்திலிருந்து எழும்பாது. நீரின்மேல் பல அடி ஓடி, வேகம் பிடித்துத்தான் எழும்ப முடியும். அத்தனை கால்களும் ஒரே நேரத்தில் நீரை அடித்த சத்தம் கரையில் நின்ற எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. மேலே எழும்பியதும் சிறகுகளின் உட்புறச் சிவப்பும் கறுப்பும் ஒருசேரத் தெரிந்தன. வண்டியில் இருந்தவர்கள் கைதட்டினார்கள், நானும் படம் பிடித்தேன், அதை மறைப்பதற்கில்லை. பயணக் களைப்பை ஆற்றி, திரும்பிப் போவதற்கான கொழுப்பைச் சேர்க்க வேண்டிய காலத்தில், எங்களுடைய ஒரு நிமிடப் படத்துக்காக அவை எவ்வளவு செலவழித்தன என்பது அப்போது எவருக்கும் தோன்றவில்லை. சாரதி மட்டும் இறங்காமல் இருந்தார். "வெளிக்கிட்டால் இனிப் பின்னேரம் மட்டும் உதுகள் வராது" என்று தனக்குள் சொல்வதுபோலச் சொன்னார்.

தலைமன்னாரில் ஆலாக்களையும், தெருவோரம் நின்ற மன்னார்க் கழுதைகளையும் பார்த்துவிட்டு மாலையில் அதே தாம்போதியால் திரும்பினோம். பூநாரைகள் வந்திருந்தன, ஆனால் காலையில் நின்ற இடத்தில் அல்ல, எந்தக் கமராவுக்கும் எட்டாத தொலைவில், நீரின் நடுவில் மங்கலான ஒரு கோடாக. சாரதி வேகத்தைக் குறைத்தார். நிறுத்தச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.