பன்றிகளுக்கு உணவகக் கழிவு: வேகவைக்கும் முறை குறித்து உதவி தேவை

வணக்கம். எங்கள் ஊரில் வெண்பன்றி வளர்க்கும் சிறு பண்ணையாளர்களாகிய நாங்கள், உணவகங்களிலும் திருமண மண்டபங்களிலும் மீந்ததை எடுத்துவந்து தீவனமாகக் கொடுக்கிறோம். 2020இல் அசாமில் உறுதிசெய்யப்பட்டு, 2022இல் வயநாடு வரை வந்த ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் சரியாக வேகாத பன்றி இறைச்சி வழியாகவும் பரவும் என்பதாலும், அதற்குச் சிகிச்சை இல்லை என்பதாலும், கழிவை வேகவைத்தே கொடுக்க வேண்டும் என்ற விதிமுறையை நாங்களே எழுதி ஊராட்சியில் அளிக்க எண்ணியுள்ளோம். 2001இல் கோமாரி நோய்க்குப் பின் பிரிட்டன் செய்ததைப்போல முற்றாகத் தடைவிதித்தால், விலைத்தீவனம் வாங்க இயலாதவர்கள் தொழிலையே விட நேரும் (மறைவாகக் கொடுப்பவர்களும் இருப்பார்கள்). அமெரிக்கக் கூட்டரசுச் சட்டமோ, உரிமம் பெற்றவர்கள் கொதிநிலையில் 30 நிமிடம் வேகவைத்த கழிவைக் கொடுக்க அனுமதிக்கிறது. எங்களுக்கு அதுவே ஏற்றதாகப் படுகிறது.

பெரிய அண்டாவில் கெட்டியான கழிவை அடிப்பிடிக்காமலும் நடுப்பகுதி வரை வெப்பம் எட்டும்படியும் வேகவைப்பவர்கள், தங்கள் முறையையும் விறகுச் செலவையும் தெரிவிக்க வேண்டுகிறேன். வேகாத கழிவுக்கான வாளியும் வெந்ததற்கான வாளியும் கலந்துவிடாதிருக்க விதியில் என்ன சேர்க்கலாம் என்று கால்நடை மருத்துவர்கள் கூறினால் நன்று. உள்ளாட்சி உரிமப் படிவத்தின் மாதிரி எவரிடமேனும் இருந்தால், அன்புகூர்ந்து இங்கே பகிருங்கள்.