ஒன்பது பேரின் ஆவணமும் ஒரே இடுப்புப் பையில்

கோயம்புத்தூரிலிருந்து:

குடும்பத்தோடு கப்பலில் போகிறவர்கள் விசா, சாப்பாடு, சீசிக்னஸ் மாத்திரை என்று எல்லாம் கேட்கிறார்கள். கரையில் இறங்கும்போது யார் கையில் எது இருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. நாங்களும் கேட்கவில்லை. 2024-இல் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் கப்பலில் ஒன்பது பேர் போனோம். மாமனார், மாமியார், மூத்தார் குடும்பம் நான்கு பேர், நாங்கள் மூன்று பேர்.

எங்கள் கப்பலில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளவில்லை. இறங்கும்போது கப்பல் கார்டும் (ஏறும்போது ஆளுக்கொன்றாகத் தரும் அடையாள அட்டை) பாஸ்போர்ட் ஜெராக்ஸும் போதும் என்று முந்தின இரவே அறிவித்தார்கள். ஆனால் மூத்தாருக்கு மனசு கேட்கவில்லை. ஒன்பது பாஸ்போர்ட், ஒன்பது கார்டு, ஒன்பது ஜெராக்ஸ், எல்லாவற்றையும் தன் இடுப்புப் பையில் வைத்து ஜிப்பை இழுத்துக்கொண்டார். எங்களுக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது. பொறுப்பான மனிதர், ஒரு பொருளைக்கூடத் தொலைத்தவர் இல்லை.

பினாங்கில் கப்பல் நிற்கும் ஸ்வெட்டென்ஹாம் பியரிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போய்விடலாம். குவீன் தெரு மகா மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு வாழை இலையில் சாப்பிட்டோம். அதற்குள் மாமாவுக்குக் கால் வீங்கிவிட்டது. பினாங்கு மலையும் அங்கே உள்ள முருகன் கோயிலும் எங்கள் திட்டத்தில் இருந்தன. "நீங்க போயிட்டு வாங்க, நாங்க கப்பலுக்குப் போறோம்" என்றார். என் கணவர் வாடகைக் கார் பிடித்து இருவரையும் ஏற்றி, துறைமுக வாசலில் இறக்கிவிடச் சொன்னார். மதியம் ஒன்றே கால் இருக்கும்.

கார்டு மூத்தாரிடம் இருப்பது எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. மாமா கார்டு அத்தையிடம் இருப்பதாக நினைத்திருக்கிறார். அத்தை மாமாவிடம் இருப்பதாக நினைத்திருக்கிறார்.

வாசலில் காவலாளி கார்டு கேட்டார். இல்லை. பாஸ்போர்ட்? இல்லை. மாமாவிடம் போன் இருந்தது, ஆனால் ரோமிங் போடவில்லை. எங்கள் நம்பர் எதுவும் மனப்பாடம் இல்லை. அன்றைக்கு இரண்டு கப்பல்கள் நின்றிருந்தன, எது என்று கேட்டதற்கு "பெரிசு, வெள்ளை" என்றிருக்கிறார். கேபின் எட்டாவது மாடி என்று அத்தைக்குத் தெரியும், எண் தெரியாது. அந்தக் காவலாளி தமிழர். இருவரையும் நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். தன் வேலையின் எல்லைக்குள் என்னென்ன செய்ய முடியுமோ எல்லாம் செய்தார்.

அவர் கப்பல் ஆட்களுக்கும் போன் போட்டார். அங்கேதான் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது. மாமா எழுபத்து நான்கு வருடமாகச் சொல்லிப் பழகியபடி இனிஷியலோடு தன் பெயரைச் சொன்னார். கப்பல் பட்டியலில் அவர் அப்பா பெயர்தான் முதலில் இருக்கிறது. தேடினால் வரவில்லை. பிறந்த தேதி கேட்டார்கள். மாமா உண்மையான தேதியைச் சொன்னார். பாஸ்போர்ட்டில் இருப்பது பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்ட தேதி. அதுவும் பொருந்தவில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் உண்மையைச் சொன்ன மனிதர், பொய் சொல்கிறவர்போல அந்த வாசலில் உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் கப்பல் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் வந்து, "டிக்கெட் யார் போட்டது?" என்று கேட்க, மாமா மூத்த மகன் பெயரைச் சொன்னார். அந்த முன்பதிவைத் திறந்து, ஒன்பது பேரின் படங்களையும் பார்த்து அடையாளம் கண்டார்கள். ஏறும் நாளில் ஒவ்வொருவரையும் படம் எடுத்துக்கொள்கிறார்கள் இல்லையா, அந்தப் படம்தான் காப்பாற்றியது. உள்ளே போகும்போது மணி மூன்றே முக்கால். பிரஷர் மாத்திரை கேபினில் இருந்தது.

நாங்கள் அந்த நேரம் மலை ரயிலின் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தோம். பை தொலையவில்லை, கிழியவில்லை. மூத்தார் இடுப்பில் பத்திரமாக இருந்தது. ஆவணம் பத்திரமாக இருப்பது வேறு, உரியவரிடம் இருப்பது வேறு என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

*

ஈப்போவிலிருந்து:

அக்கா, உங்கள் மாமாவின் பெயர்ப் பிரச்சினை எங்களுக்கு வீட்டுக்கு வீடு உண்டு. மலேசியத் தமிழர்களின் பாஸ்போர்ட்டில் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் ஆண்களுக்கு 'ஏ/எல்', பெண்களுக்கு 'ஏ/பி' என்று இருக்கும். இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று மலாயில் சொல்வதன் சுருக்கம் அது. அந்தச் சாய்கோட்டை முன்பதிவு இணையதளங்கள் பல ஏற்காது. குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாகவும் விடாது. வேறு வழியில்லாமல் அப்பா பெயரை அங்கே போடுகிறோம்.

அதன் விளைவைக் கேளுங்கள். நானும் என் தம்பியும் கிள்ளான் துறைமுகத்தில் ஏறினோம். இருவர் கார்டிலும் அப்பா பெயர்தான் பளிச்சென்று தெரிந்தது. எங்கள் சொந்தப் பெயர்கள் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. புக்கெட்டில் இறங்கியபோது என் கார்டு அவனிடம், அவன் கார்டு என்னிடம். அங்கே பாதோங் கடற்கரையில் கப்பல் கரையை ஒட்டி நிற்காது, சின்னப் படகில்தான் போய் வர வேண்டும். இறங்கும்போது கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. திரும்பி ஏறும்போது கருவி என் தம்பியின் முகத்தைத் திரையில் காட்டியது, எதிரில் நான் நிற்கிறேன். தம்பி அதற்கு முந்தின படகில் போயிருந்தான், அவனையும் அங்கே நிறுத்தி வைத்திருந்தார்கள். அரை மணி நேரம் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

இப்போது கார்டு கையில் வந்ததுமே ஆளுக்கொரு நிற ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறோம். அம்மாவுக்கு மஞ்சள், எப்போதும் மஞ்சள். எழுத்து வாசிக்கத் தெரியாத என் பாட்டிகூடத் தன் கார்டைத் தானே எடுத்துக்கொள்கிறார்.

*

சென்னையிலிருந்து:

ஒரு மாற்றுக் கருத்து, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் அம்மாவிடம் கார்டைக் கொடுத்ததில் ஒரே பயணத்தில் இரண்டு முறை தொலைத்துவிட்டார். மறதி உள்ளவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் அவரவரிடம் என்பது சரிவராது. கூடவே இருக்கும் ஒரு பெரியவரிடம் இருக்கட்டும். அந்தப் பெரியவர் அவர்களை விட்டு நகரக் கூடாது, அவ்வளவுதான்.

என் அனுபவம் பார்சிலோனாவில் ஏறிய கப்பலில். அங்கே பாஸ்போர்ட்டை ஏறும்போதே வாங்கிக்கொண்டு கடைசி நாள்தான் திருப்பித் தந்தார்கள். எனக்கு முதலில் பயமாக இருந்தது. நேப்பிள்ஸில் என் தோள்பையை அறுத்து பர்ஸை எடுத்துவிட்டார்கள். போனது 120 யூரோவும் ஜெராக்ஸ் தாளும்தான். பாஸ்போர்ட் இருந்திருந்தால் போலீஸ் புகார், இந்தியத் தூதரகம், அவசரச் சான்றிதழ் என்று அலைய வேண்டியிருந்திருக்கும். அந்தச் சான்றிதழை வைத்து நேராக ஊருக்குத்தான் திரும்பலாம், மீதிப் பயணம் கிடையாது.

இன்னொன்று. அந்தக் கப்பல் நடுவில் துனிசியாவில் ஒருநாள் நின்றது. ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளைத்தான் ஷெங்கன் பகுதி என்பார்கள், துனிசியா அதில் இல்லை. ஒருமுறை மட்டும் நுழையும் ஷெங்கன் விசாவோடு வந்த ஒரு குடும்பத்தை ஏறவே விடவில்லை. சிங்கப்பூரிலும் இதே கதைதான். அங்கிருந்து கப்பலேறும் இந்தியர்கள் திரும்பவும் சிங்கப்பூருக்குள்தான் நுழைகிறார்கள், அதனால் பலமுறை நுழையும் விசாவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

*

ஹூஸ்டனிலிருந்து:

எங்களுக்குப் பக்கத்தில் கால்வெஸ்டன் துறைமுகம். அங்கிருந்து மெக்சிகோவின் கோசுமெல் போய் வரும் கப்பல்களில் தமிழ்க் குடும்பங்கள் நிறையப் போகிறோம். ஒரே குடும்பத்தில் ஆளுக்கொரு வகை ஆவணம், அதுதான் எங்கள் சிக்கல். எனக்கும் கணவருக்கும் இந்தியப் பாஸ்போர்ட்டும் கிரீன் கார்டும். பிள்ளைகள் இருவரும் இங்கே பிறந்தவர்கள்.

ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் கிளம்பி அதே துறைமுகத்துக்குத் திரும்பும் கப்பலென்றால், பதினாறு வயதுக்குக் கீழே உள்ள அமெரிக்கக் குடிமக்களுக்குப் பிறப்புச் சான்றிதழே போதும். 2009 ஜூனிலிருந்து உள்ள விதி. அதை நம்பி மகளுக்குக் காலாவதியான பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்காமல் கிளம்பினோம். ஏறும் நாளில் கவுன்டரில் இருந்த பெண் தேதியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "நடுக்கடலில் இவளுக்குப் பதினாறு முடிகிறதே, திரும்பி வரும்போது படம் உள்ள அரசாங்க அடையாள அட்டை வேண்டுமே" என்றார். அவள் பிறந்தநாளைக் கப்பலில் கொண்டாட வேண்டும் என்றுதான் அந்த வாரத்தையே தேர்ந்தெடுத்திருந்தோம். கேக் வரைக்கும் சொல்லி வைத்திருந்தோம். இது மட்டும் எங்கள் கண்ணில் படவில்லை.

டெக்சாஸில் பதினைந்து வயதிலேயே கார் ஓட்டக் கற்கும் லைசென்ஸ் எடுக்கலாம். அவள் அதை எடுத்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது, ஆசையாகத் தன் பர்ஸிலேயே வைத்திருந்தாள். அதைக் காட்டித்தான் ஏறினோம். எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு குடும்பம் ஆஸ்பத்திரியில் கொடுத்த, குழந்தையின் பாதத் தடம் பதித்த அட்டையைக் கொண்டுவந்திருந்தது. மாநில அரசு தரும் சான்றிதழ்தான் செல்லும் என்று அவர்களை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டார்கள். அந்தத் தாயின் முகம் எனக்கு மறக்கவில்லை.

கோசுமெல் கரையில் என் முடிவு இது: கிரீன் கார்டும் பாஸ்போர்ட்டும் கேபின் லாக்கரில், கையில் கப்பல் கார்டு, டிரைவிங் லைசென்ஸ், பாஸ்போர்ட் நகல். கிரீன் கார்டு எப்போதும் உடன் இருக்க வேண்டும் என்று என் கணவர் வாதிடுவார், சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் நீந்தப் போகும் இடத்தில் மணலில் வைத்துவிட்டுப் போக எனக்குத் துணிவில்லை. வெளிநாட்டில் அது தொலைந்தால் அமெரிக்கத் தூதரகத்தில் ஐ-131ஏ படிவம் கொடுத்து, அவர்கள் அனுமதித்த பிறகுதான் திரும்பிவர முடியும்.

எச்-1பி என்ற அமெரிக்க வேலை விசாவில் இருக்கும் நண்பர்களுக்காக ஒரு வரி. பாஸ்போர்ட்டில் விசா முத்திரை காலாவதியாகி, ஐ-94 (அமெரிக்காவில் எதுவரை தங்கலாம் என்ற பதிவு) மட்டும் செல்லுபடியாக இருந்தால், முப்பது நாளுக்குள் மெக்சிகோவோ கனடாவோ போய்த் திரும்ப ஒரு சலுகை உண்டு. கரீபியன் தீவுகளுக்கு அந்தச் சலுகை எச்-1பிக்குக் கிடையாது. ஜமைக்காவில் ஒருநாள் நின்றாலும் கணக்கு மாறிவிடும். நிற்கும் ஊர்களின் பட்டியலைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

*

கோயம்புத்தூரிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. சென்னை நண்பர் சொன்னது சரிதான், மறதி உள்ளவர்களை நான் யோசிக்கவில்லை. ஹூஸ்டன் அக்கா சொன்ன வயதுக் கணக்கு இந்தியாவிலும் வேறு மாதிரி இடிக்கும். நம் பிள்ளைகளின் பாஸ்போர்ட் பெரும்பாலும் ஐந்து வருடத்துக்குத்தான். பெரியவர்களுடையதைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளுடையதைப் பார்க்காமல் விட்டுவிடுகிறோம். ஆறு மாதம் செல்லுபடி இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

பினாங்குக்கு அடுத்த நாளே புக்கெட். காலையில் மூத்தார் யாரிடமும் எதுவும் சொல்லாமல் கப்பலின் வரவேற்பு கவுன்டருக்குப் போய், எல்லாருக்கும் புதிதாக ஜெராக்ஸ் எடுத்து வந்தார். எங்கள் பாஸ்போர்ட்டுகளில் கடைசிப் பக்கமும் வேண்டியிருந்தது, பெற்றோர் பெயரும் முகவரியும் அங்கேதான் இருந்தன. ஆளுக்கொரு பிளாஸ்டிக் உறையில் கார்டும் தாளும் போட்டு அவரே கையில் கொடுத்தார். பாஸ்போர்ட்டுகள் லாக்கருக்குப் போயின. மாமாவிடம் உறையைக் கொடுத்தபோது, "அப்பா, இது உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். மாமா வாங்கிச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

*

திருச்சியிலிருந்து:

அக்கா, உறைக்குள் வேறென்ன வைத்தீர்கள்? அடுத்த மாதம் மாமியாரோடு கிளம்புகிறோம், பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

*

கோயம்புத்தூரிலிருந்து:

கெட்டியான ஒரு துண்டு அட்டை. கப்பலின் பெயர், கேபின் எண். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே முழுப் பெயர், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பிறந்த தேதி. பதிவு யார் பெயரில், பதிவு எண். எங்கள் மூவரின் போன் நம்பர். அந்த ஊர்க் கப்பல் ஏஜென்டின் நம்பர், அது தினமும் கேபினுக்கு வரும் நிகழ்ச்சித் தாளில் இருக்கும், ஊருக்கு ஊர் மாறும். திரும்ப வேண்டிய நேரம், அதுவும் கப்பல் நேரப்படி. புக்கெட் மணி சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால், போன் தானாக மாறிக்கொள்ளும், கப்பல் மாறாமல் இருக்கலாம்.

எல்லாம் தமிழிலும் ஆங்கிலத்திலும். பெரிய எழுத்தில் எழுதுங்கள், கண்ணாடி இல்லாமல் வாசிக்கிற அளவுக்கு. பின்பக்கம் மாத்திரைகளின் பெயர், வேளை, ரத்த வகை. கேபின் எண் இருப்பதால் கழுத்தில் தொங்கவிடாமல் பைக்குள் வைக்கச் சொல்லுங்கள்.