சிறுவயதில் பட்ட அதிர்ச்சி பெரியவர்களின் பேச்சைத் தீர்மானிக்கிறதா?

முல்லைவனம்:
யாராவது குரலை உயர்த்தினால் வாயடைத்துப் போகிறவர்களையும், தவறே செய்யாமல் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருப்பவர்களையும் கூச்ச சுபாவம் உள்ளவர்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அழுதால் அடி விழும் வீட்டில் வளர்கிற குழந்தை, உணர்ச்சியை வெளிக்காட்டாமல் இருப்பதே பாதுகாப்பு என்று பழகிக்கொள்கிறது. அந்தப் பழக்கம் வளர்ந்த பிறகும் பேச்சைக் கட்டிப்போடுகிறது என்பது என் கருத்து. தன் உணர்வு இன்னதென்று இனங்கண்டு சொல்ல இயலாத நிலைக்கு, 1970களின் தொடக்கத்தில் பீட்டர் சிஃப்னியோஸ் என்ற மனநல மருத்துவர் அலெக்சிதைமியா என்று பெயரிட்டார். பிள்ளைப்பருவத்தில் உணர்வளவில் புறக்கணிக்கப்பட்டவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. அதிர்ச்சி தந்த நிகழ்வின் விவரிப்பை மீண்டும் கேட்கும்போது, மூளையில் பேச்சோடு தொடர்புடைய ப்ரோகா பகுதியின் இயக்கம் குறைவதை 1996இல் வெளியான ஓர் ஆய்வும் காட்டியது.

செங்கதிர்:
முல்லைவனம் அவர்களே, அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் 8 பேர் மட்டுமே; ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இல்லை. என்னை உண்மையிலேயே கலங்கவைப்பது திக்குவாயின் வரலாறு. பெற்றோர் குழந்தையின் பேச்சில் குறை காண்பதாலேயே திக்கல் உண்டாகிறது என்று அமெரிக்கப் பேச்சியல் ஆய்வாளர் வெண்டெல் ஜான்சன் சொன்னதை நம்பி, எத்தனையோ தாய்மார்கள் குற்றவுணர்வைச் சுமந்தார்கள். 1939இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், ஆதரவற்றோர் இல்லக் குழந்தைகள் 22 பேரை வைத்து இதைச் சோதித்தபோது, அவர்களில் சிலரிடம் 'உன் பேச்சு சரியில்லை' என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அந்தக் கொடுமைக்குப் பிறகும் எவருக்கும் புதிதாகத் திக்குவாய் வந்ததாக நிறுவப்படவில்லை. மரபணுவுக்கும் மூளை வளர்ச்சிக்கும் அதில் பெரும்பங்கு உண்டு என்பது இன்று தெளிவாகியிருக்கிறது.

முல்லைவனம்:
அதே சோதனையின் மறுபாதியை நீங்கள் சொல்லவில்லை. திக்கல் வரவில்லைதான், ஆனால் குறை சொல்லப்பட்ட குழந்தைகள் பேசவே தயங்கி ஒதுங்கினார்கள். நான் சொல்வது அந்தத் தயக்கத்தைத்தான். ருமேனியாவில் காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வையும் பாருங்கள்: ஏறத்தாழ 15 மாதங்களுக்குள் வளர்ப்புக் குடும்பத்துக்குப் போனவர்கள் மொழியில் மற்றக் குழந்தைகளை எட்டிவிட்டார்கள்; 2 வயதைக் கடந்து போனவர்கள் வெகுவாகப் பின்தங்கினார்கள்.

செங்கதிர்:
அந்தக் குழந்தைகளுக்குக் கிடைக்காதது பேச்சுத்துணை. பேச ஆளில்லாமல் வளர்வதும் அச்சத்தில் வளர்வதும் ஒன்றல்ல. இரண்டையும் 'அதிர்ச்சி' என்ற ஒரே சொல்லில் அடைத்தால் காரணம் கைநழுவிவிடும். குழந்தைப்பருவம் பேச்சைப் பாதிக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை. ஒருவரது பேச்சைப் பார்த்து அவரது குழந்தைப்பருவத்தைக் கணிக்கிறார்களே, அதைத்தான் மறுக்கிறேன். குறைவாகப் பேசுவதற்கு ஆட்டிசம், மனச்சோர்வு, பிறவிச் சுபாவம் என எத்தனையோ காரணங்கள் இருக்கலாம். பல ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியான அலசலின்படி, சிறுவயதில் வதைக்கு ஆளானதாக அப்போதே பதிவானவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வளர்ந்தபின் அதைக் குறிப்பிடவில்லை. வளர்ந்தபின் குறிப்பிட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அக்காலப் பதிவு இல்லை.

முல்லைவனம்:
ஊகிக்கக் கூடாது என்பதை ஏற்கிறேன். ஆனால் குறிப்பிடாத அந்தப் பாதிப் பேரில் சிலருக்குச் சொல்ல வாய் வராமலே போயிருக்கலாம் அல்லவா? தீர்ப்புச் சொல்லாவிட்டாலும், சிறுவயதைப் பற்றிக் கேட்பதையாவது சிகிச்சையாளர்கள் கைவிடக் கூடாது.

செங்கதிர்:
தாராளமாகக் கேட்கட்டும். 'அப்படி எதுவும் நடக்கவில்லை' என்று ஒருவர் சொன்னால், அதை மறைப்பு என்று எழுதிக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.