பழைய பிஎம்எக்ஸ் சைக்கிள் பிரேக் லீவரின் அனோடைஸ் நிறத்தைக் கழற்றினேன், முழுக்கக் கறுத்துவிட்டது: உதவி வேண்டும்

உவர்மலை சைக்கிள்:
வணக்கம். என்னிடம் 1980களின் 20 அங்குல பிஎம்எக்ஸ் ஒன்று இருக்கிறது. மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது. இடம்பெயர்ந்த காலத்தில் உறவினர் வீட்டுக் கொட்டிலில் பல வருடம் கிடந்தது. இப்போது மகள் சைக்கிள் ஓடும் வயதுக்கு வந்துவிட்டாள், அவளுக்காகத் திருத்துகிறேன். இரண்டு பிரேக் லீவர், ஸ்டெம் (ஹாண்டிலைப் பிடித்திருக்கும் துண்டு), இரண்டு றிம் எல்லாம் பொன்நிற அனோடைஸ் போட்ட அலுமினியம். றிம்மில் நிறம் பரவாயில்லை. லீவரும் ஸ்டெம்மும் வெயிலில் வெளுத்துத் திட்டுத்திட்டாக இருக்கின்றன. அவற்றைப் பளபளவென்று வெள்ளி நிறமாக்க ஆசை.

400 சாண்ட்பேப்பரால் இரண்டு பின்னேரம் தேய்த்தேன். மேடான இடத்தில் மட்டும் வெள்ளை தெரிந்தது. பிறகு குழாய் அடைப்பு எடுக்கும் காஸ்டிக் சோடாவைக் கரைத்து ஒரு லீவரைப் போட்டேன். ஒரு நிமிடத்தில் நிறம் போய்விட்டது. இன்னும் நன்றாகட்டும் என்று பத்து நிமிடம் விட்டேன். எடுத்தால் அடுப்புக்கரி பூசியது போலக் கறுப்பு. உலோகம் எரிந்துவிட்டதா? மற்றவற்றையும் போடலாமா?

சீனக்குடா லேத்:
எரியவில்லை தம்பி. நன்றாகக் கழுவிவிட்டு, கையுறையோடு ஒரு துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். கறுப்பு துணிக்கு வரும்.

லீவர் சுத்த அலுமினியம் அல்ல, கலப்புலோகம். செம்பு, சிலிக்கன், இரும்பு என்று சிறிது சிறிது சேர்ந்திருக்கும். காஸ்டிக் அலுமினியத்தைத்தான் கரைக்கும், மற்றவை கரையாமல் மேலே தூளாகத் தங்கிவிடும். அந்தத் தூள்தான் உங்கள் கறுப்பு. பெரிய பட்டறைகளில் இதை ஐதான நைத்திரிக்கமிலத்தில் தோய்த்து எடுப்பார்கள். நகை செய்யும் பத்தர்மாரிடம் அந்த அமிலம் இருக்கும், ஆனால் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். எப்படியும் மினுக்கப் போகிறீர்கள், பொலிஷ் போடும்போதே போய்விடும்.

பிழை பத்து நிமிடம் விட்டதுதான். அனோடைஸ் என்பது பூசிய பெயின்ட் அல்ல, அலுமினியத்திலேயே மின்சாரம் பாய்ச்சி வளர்த்த ஒட்சைட்டுப் படை. 5 முதல் 25 மைக்ரோன் வரைதான் தடிப்பு, தலைமுடியை விட மெல்லியது. ஆனால் மிகவும் கடினமானது, அதனால்தான் சாண்ட்பேப்பர் தோற்றது. சாயம் அதன் நுண்துளைக்குள் இருக்கிறது. காஸ்டிக் அந்தப் படையைத் தின்னும்வரை குமிழி மெதுவாக வரும். படை முடிந்து வெறும் அலுமினியத்தைத் தொட்டதும் திடீரென்று நுரைத்துப் பொங்கும். அந்த நொடியில் எடுக்க வேண்டும். அதற்குப் பிறகு கரைவது உங்கள் லீவர்.

உவர்மலை சைக்கிள்:
மிக்க நன்றி அண்ணா, துணி கறுத்துவிட்டது, உள்ளே சாம்பல் நிறம் தெரிகிறது! ஆனால் லீவரில் பொறித்திருந்த எழுத்து கொஞ்சம் மழுங்கியிருக்கிறது. எவ்வளவு கரைக்க வேண்டும்? நான் அளக்கவே இல்லை.

சீனக்குடா லேத்:
மழுங்கிய எழுத்து இனித் திரும்பாது. அடுத்ததைக் காப்பாற்றுங்கள். ஒரு லீற்றர் தண்ணீருக்கு 30 கிராம் போதும். தண்ணீரை முதலில் வாளியில் எடுத்து, அதற்குள் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். மாறிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். பிளாஸ்டிக் வாளிதான். அலுமினியச் சட்டி ஓட்டையாகும், நாகம் (துத்தநாகம்) பூசிய வாளியும் கரையும். கச்சான் காற்றுக் காலத்து மத்தியான வெயிலில் செய்யாதீர்கள், கரைசல் சூடேறினால் வேகமும் ஏறும், காலையில் செய்யுங்கள்.

லீவரைக் கழற்றி சுருள்வில், ஆணி, பிளாஸ்டிக் புஷ் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவாமல் போட்டால் திட்டாகத்தான் கழலும். கம்பியில் கட்டித் தொங்கவிட்டு முப்பது விநாடிக்கு ஒருமுறை தூக்கிப் பாருங்கள். எடுத்ததும் நிறையத் தண்ணீர், பிறகு வினாகிரி கலந்த தண்ணீரில் ஒரு முக்கு, மறுபடியும் தண்ணீர்.

பாலையூற்று அக்கா:
இடையில் சொல்வதற்கு மன்னிக்கவும், நான் பாடசாலையில் இரசாயனம் படிப்பிக்கிறேன். வரும் குமிழி ஐதரசன், தீப்பற்றும். முற்றத்தில் செய்யுங்கள், பக்கத்தில் யாரும் சிகரெட் பிடிக்கக்கூடாது. ஆனால் எனக்குப் பெரிய கவலை கண். மூடிய கண்ணாடி போடாமல் வாளிப் பக்கம் போகவே வேண்டாம். கண்ணில் தெறித்தால் வினாகிரி விடக்கூடாது, ஓடும் தண்ணீரில் குறைந்தது இருபது நிமிடம் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக ஒழுங்கு செய்யுங்கள். மகளை அன்றைக்கு அம்மம்மா வீட்டில் விடுங்கள். மிஞ்சிய கரைசலைக் கிணற்றடியில் ஊற்றவும் வேண்டாம்.

நிலாவெளி ஜன்னல்:
நான் அலுமினிய ஜன்னல் வேலை. றிம்மைத் தயவுசெய்து தொடாதீர்கள். கடற்கரை விடுதிகளில் வருடக்கணக்காகப் பார்க்கிறேன். அனோடைஸ் போட்ட சட்டம் அப்படியே நிற்கும். வெறும் அலுமினியம் ஒரு வாடைக்காற்றுக் காலத்திலேயே வெள்ளைப் புள்ளி போட்டு அரிக்கத் தொடங்கும். உப்புக்கு முன்னால் அந்த மெல்லிய படைதான் கவசம். போன நிறத்தை அதே சாயலில் திரும்ப எடுக்கவும் முடியாது. அதோடு உள்ளே குடைவான றிம் என்றால் கம்பித் துளை வழியாகக் காஸ்டிக் உள்ளே போய்த் தங்கிவிடும். வெளியே மினுங்கும், உள்ளே தின்னும்.

சீனக்குடா லேத்:
நிலாவெளித் தம்பி சொல்வது சரி. நான் ஸ்டெம்மையும் சேர்த்துச் சொல்வேன். அது பாரம் தாங்கும் பொருள். குழி விழ விட்டால் பிறகு அந்த இடத்தில்தான் வெடிப்புத் தொடங்கும். நிறம் போனதும் எடுத்துவிடுங்கள், மீதியைக் கையால் தேய்க்கலாம்.

உவர்மலை சைக்கிள்:
நேற்றுக் காலை செய்தேன். இரண்டாவது லீவரில் முக்கால் நிமிடத்தில் பொன் நிறம் போனது, இரண்டு நிமிடம் ஆகும் முன்பே நுரை பொங்கியது, உடனே எடுத்தேன். இலேசான சாம்பல் மட்டும்தான், எழுத்து கூர்மையாக இருக்கிறது. ஸ்டெம்மும் அப்படியே. பிறகு 600, 800, 1200, 2000 என்று தண்ணீரும் சவர்க்காரமும் போட்டுத் தேய்த்தேன். ஒவ்வொரு தாளுக்கும் திசையை மாற்றியதால் முந்திய கீறல் போய்விட்டதா என்று கண்ணுக்கே தெரிந்தது. கடைசியில் பழைய சாரத் துணியில் பிறாசோ உலோகப் பொலிஷ். முகம் தெரிகிறது அண்ணா! அப்புறம் காருக்குப் போடும் மெழுகு பூசினேன். றிம் பொன்நிறமாகவே இருக்கட்டும், சவர்க்காரத்தால் கழுவி அதற்கும் மெழுகு போட்டுவிட்டேன்.

நிலாவெளி ஜன்னல்:
றிம்மில் பிரேக் கட்டை பிடிக்கும் பக்கத்திலுமா போட்டீர்கள்? அங்கே மெழுகு இருந்தால் பிரேக் பிடிக்காது. மகள் ஏறுவதற்கு முன் துடைத்துவிடுங்கள். லீவருக்கு மாதம் ஒருமுறை மெழுகு போடுங்கள், வாடைக்காலத்தில் இரண்டு முறை.

உவர்மலை சைக்கிள்:
போட்டுவிட்டேன். இப்போதே தின்னரோடு போகிறேன்.