ஃபேஸ்மாஸ்க் மோவாய்த் தாங்கியால் வேர்க்குரு, என்ன செய்யலாம்?

காரைக்குடிப் பையன், வயது 9. மேல்தாடை பின்தங்கி, கீழ் முன்பற்கள் 3 மி.மீ. முன்னே கடித்தன. அண்ணம் விரிக்கும் கருவியோடு பெட்டிட் வகை ஃபேஸ்மாஸ்க் (நெற்றியிலும் மோவாயிலும் தாங்கி நின்று, மேல்தாடையை எலாஸ்டிக்கால் முன்னே இழுக்கும் வெளிக்கருவி). கோரைப்பல் அருகே கொக்கி, 30 டிகிரி கீழ்நோக்கி எலாஸ்டிக், பக்கத்துக்கு 400 கிராம் இழுவிசை. 5 மாதத்தில் மேல், கீழ் முன்பற்கள் முனையோடு முனை வந்தன. அதோடு நின்றுவிட்டது.

வெயில் ஏறியதும் மோவாயில் வேர்க்குரு, தோல் உரிசல். தினம் 14 மணி நேரம் போட்டவன் இப்போது 7 மணிதான்.

பருத்தித் துணி வைத்தோம், ஒரு மணி நேரத்தில் நனைந்து ஒட்டுகிறது. சிலிகான் உறை இன்னும் மோசம், காற்றே புகாது. தாங்கியில் 3 மி.மீ. துளைகள் போட்டதில் கொஞ்சம் பலன். இழுவிசையை 300 கிராமுக்குக் குறைத்தால் உரிசல் குறைகிறது, பல் மட்டும் நகர்ந்து தாடை நின்றுவிடுமோ என்று பயம். இந்த வயதைத் தவறவிடக் கூடாது, கோடை முடியட்டும் என்று விட மனமில்லை.

செட்டிநாட்டு வெயிலில் தினம் 12 மணி நேரம் தாங்க, மோவாய்த் தாங்கிக்கு உள்ளே எதை வைக்கிறீர்கள்?